ஒரு சொட்டுத் தண்ணீர் சொல்லும் சேதி

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு செருப்புக் கடை. வாசல் பக்கத்தில் அக்ரிலிக் தகடுகளை ஒட்டிச் செய்த காட்சிப் பெட்டி. அதற்குள் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. கடைக்காரர் அதை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தபோதுதான் அதன் பளபளப்பு தெரிந்தது. பெட்டிக்குள் இருந்தவரை மார்கழிப் பனியில் நிற்கும் எருமையைப் போல மசமசவென்று கிடந்தது.

“ஏழு வருசம் ஆவுது சார். டெய்லி தொடைக்கிறேன். எவ்ளோ தொடச்சாலும் போவ மாட்டேங்குது. தூக்கிப் போட்டுட்டு புதுசா பண்ணிடலாம்னு பாக்கறேன்.”

“ஒரு நிமிஷம் இருங்க பாய்” என்று சொல்லி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் விரலை நனைத்து அந்தத் தகட்டில் ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு பரவிய இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு, ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்த ஷூவின் தையல் நூல்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காய்ந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்தச் சொட்டு ஒரு முழு அறிவியல் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனது. பிளாஸ்டிக் கெட்டுப்போகவில்லை. உள்ளே எந்த அழுக்கும் சேரவில்லை. தகட்டின் உடம்பு முழுக்க ஏழு வருடத்துக்கு முன்பிருந்த அதே தெளிவு அப்படியே இருக்கிறது. மங்கல் இருப்பது மேல்தோலில், தலைமுடியின் தடிமனைக்கூட எட்டாத ஆழத்தில். அதைக் களைந்துவிட்டால் பெட்டி புதிது.

கற்கண்டும் அதன் தூளும்

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல அக்ரிலிக் தகடு, தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 92 சதவீதத்தை மறுபக்கம் அனுப்பிவிடுகிறது. மீதி 8 சதவீதத்தைப் பிளாஸ்டிக் விழுங்கிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. காற்றிலிருந்து இப்படியொரு பொருளுக்குள் நுழையும்போது வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் வாசலிலேயே திரும்பிவிடும். மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4 சதவீதம் திரும்பும். கணக்கு சரியாகிவிட்டது. உள்ளே இழப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இந்தத் தெளிவுக்குக் காரணம் அதன் மூலக்கூறு அமைப்பு. அக்ரிலிக்கின் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. ஒவ்வொரு கண்ணியிலும் பக்கவாட்டில் ஒரு பருத்த கிளை துருத்திக்கொண்டிருக்கும். அதனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று வரிசையாக அடுக்கிக்கொள்ள முடியாது. எங்கும் ஒரே மாதிரியான சிக்கலாக உறைந்துவிடுகின்றன. பால் பாக்கெட்டின் பாலித்தீன் வேறு ஜாதி. அதன் சங்கிலிகள் எளிமையானவை. ஓரிடத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், பக்கத்திலேயே கலைந்து கிடக்கும். அந்த எல்லைகள் தோறும் ஒளி சிதறுவதால் அது லேசாகப் பால் நிறம் காட்டுகிறது. அக்ரிலிக்கின் உள்ளே ஒளியைத் தடுக்கி விழவைக்கும் எல்லையே கிடையாது.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வருகிறது? ஒரு கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடே பார்க்கலாம். அதை உரலில் இட்டு இடித்தால் வெள்ளைத் தூள். வெள்ளை நிறம் எங்கிருந்தும் வந்து சேரவில்லை. புதிதாகப் பிறந்தவை முகங்கள் மட்டுமே. ஒரு கட்டிக்குச் சில முகங்கள் இருந்தன. இப்போது லட்சக்கணக்கான முகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து. ஒவ்வொரு முகத்திலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. எல்லாம் சேர்ந்து எத்திசைக்கும் சிதறுவதைத்தான் நம் கண் வெள்ளை என்கிறது. மங்கிய அக்ரிலிக் தகடும் அதுவே. மேலே இருந்த ஒற்றைச் சமதளம் உடைந்து, எண்ணமுடியாத சிறு சரிவுகளாகிவிட்டது.

தண்ணீர் அந்தச் சரிவுகளை நிரப்பியது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. அக்ரிலிக்கோடு அதற்குள்ள வித்தியாசம் 0.49. தண்ணீரின் எண் 1.33, வித்தியாசம் 0.16. ஒளியின் பார்வையில் பள்ளங்களின் ஆழம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. தண்ணீருக்குப் பதில் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் எண் சுமார் 1.45, வித்தியாசம் வெறும் 0.04. சில கடைகளில் பழைய தகட்டை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளிச்சென்று காட்டுவதன் ரகசியம் இதுதான். அது ஒரு வாரத் தெளிவு. எண்ணெயில் தூசு ஒட்டும். தூசோடு சேர்த்துத் துடைக்கும்போது புதிய கீறல் விழும்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். மங்கிய தகட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கிட்டத்தட்ட கிடையாக வைத்து, தூரத்து டியூப்லைட்டின் பிம்பத்தை அதன்மேல் தேடுங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத தகடு, சாய்ந்த பார்வையில் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி வகுத்த அளவுகோல் இதை விளக்குகிறது. மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நேர்ப்பார்வைக்கு அந்தத் தளம் வழவழப்பானது. பார்வை சாயச்சாய அந்த வரம்பு தளரும். பெரிய மேடுபள்ளமும் மன்னிக்கப்படும். பச்சை ஒளிக்கு அந்த எட்டில் ஒரு பங்கு என்பது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 14,000-இல் ஒரு பாகம். மெருகு என்ற சொல்லுக்கு இயற்பியல் வைத்திருக்கும் அளவு அது.

தோல் ஷாப்பிலிருந்து வந்த கண்ணாடி

இந்தக் கதையை ஆம்பூரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களுக்கும் அக்ரிலிக் தகட்டுக்கும் ஒரு குடும்ப உறவு இருக்கிறது. பெட்டிக்கும் அதற்குள் இருந்த ஷூவுக்கும் மூதாதை ஒருவரே.

பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி, முடி நீங்கி வந்த பிறகு, பதனிடுவதற்கு முன் ஒரு கட்டம் உண்டு. தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலைகளில் இதை ‘பேட்டிங்’ என்பார்கள். தோலின் நார்களுக்கு இடையே கிடக்கும் வேண்டாத புரதங்களைக் கரைத்து, தோலைப் பட்டுப்போல் தளர்த்தும் வேலை. இந்தக் கட்டம் சரியாக அமையாவிட்டால் ஷூவின் மேல்தோல் விறைப்பாக நிற்கும். பின்னால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் முகம் திறக்காது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இதற்குப் பயன்பட்டவை நாயின் கழிவும் புறாவின் எச்சமும். லண்டன் தெருக்களில் நாய்க்கழிவைப் பொறுக்கித் தோல் ஷாப்புகளுக்கு விற்றே பிழைத்தவர்களைப் பற்றி 1851-இல் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் விரிவாக எழுதியிருக்கிறார். நாற்றம் ஒரு பக்கம் இருக்க, எந்த நாள் எப்படி வேலை செய்யும் என்று சொல்லமுடியாத சரக்கு அது. ஒரு தொட்டித் தோல் முழுவதும் ஒரே இரவில் அழுகிப்போவதும் உண்டு.

ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கழிவில் வேலை செய்வது எது என்று தேடினார். விடை, செரிமான நொதிகள். அப்படியானால் கழிவு எதற்கு? கசாப்புக் கடையில் கிடைக்கும் கணையத்திலிருந்தே அந்த நொதிகளை எடுக்கலாமே. இப்படிப் பிறந்த சரக்குக்கு ‘ஓரோபான்’ என்று பெயர் வைத்தார். அதை விற்பதற்காக 1907-இல் ஓட்டோ ஹாஸ் என்ற வணிகரோடு சேர்ந்து ‘ரோம் அண்ட் ஹாஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் தோல் டிரம்களில் சுற்றுவது நொதிதான், நாய்க்கழிவு வரலாறாகிவிட்டது.

ரோமின் மனதில் இன்னொரு பழைய ஆசையும் இருந்தது. 1901-இல் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது அக்ரிலிக் அமிலத்தின் பலபடிச் சேர்மங்களைப் பற்றி. தோல் வியாபாரம் நிலைபெற்ற பிறகு அவருடைய நிறுவனம் அந்தப் பழைய பாதைக்குத் திரும்பியது. டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த பல வருட ஆராய்ச்சியின் முடிவில் 1933-இல் ‘பிளெக்சிகிளாஸ்’ வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரோலண்ட் ஹில்லும் ஜான் கிராஃபோர்டும் தனியாக அதே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘பெர்ஸ்பெக்ஸ்’. கண்ணாடியில் பாதி எடைகூட இல்லாத, உடைந்தாலும் எளிதில் ஊசியாய்ச் சிதறாத கண்ணாடி. தோலை மென்மையாக்கப் புறப்பட்டவரின் கம்பெனி வெளிச்சத்துக்கு ஒரு புதிய கதவைத் திறந்தது.

உறவு அதோடு முடியவில்லை. தோல் ஷாப்பின் ஃபினிஷிங் பிரிவில், நிறத்தைத் தோலோடு பிணைப்பதற்கு ஸ்ப்ரே செய்யும் கலவைகளில் அக்ரிலிக் பசைகள் முக்கியமானவை. கறுப்பு ஷூவின் மேல் பூசியிருப்பதும், அதைச் சுற்றி நின்ற பெட்டியும் ஒரே வேதிக்குடும்பம். ஒன்று இளகிய தம்பி, மற்றது விறைத்த அண்ணன்.

தளம் எப்படி உடைகிறது

அக்ரிலிக் தகட்டுக்கு முதல் மெருகை யாரும் தேய்த்துக் கொடுப்பதில்லை. தரமான தகடு வார்ப்புத் தகடு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, பாகுபோன்ற திரவத்தை ஊற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். கெட்டியாகும்போது அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கச்சுருங்க கண்ணாடியும் கூடவே நெருங்கி வரும். கடைசியில் பிரித்தால், கண்ணாடியின் முகம் அப்படியே அக்ரிலிக்கில் படிந்திருக்கும். தகட்டின் பிறவிப் பளபளப்பு கண்ணாடியிடம் வாங்கியது.

ஆனால் கண்ணாடியின் கடினம் அதற்கு வாய்க்கவில்லை. நெடுஞ்சாலைத் தூசிலும் பாலாற்று மணலிலும் நிறைந்திருப்பது குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறும் வலிமை அதற்கு உண்டு. அக்ரிலிக் அதன்முன் வெண்ணெய்தான். இதற்கு நிலைமின்சாரமும் துணை. காய்ந்த துணியால் அக்ரிலிக்கைத் துடைத்தால் அதில் மின்னூட்டம் ஏறும். பக்கத்துத் தூசையெல்லாம் அது தன்பக்கம் இழுக்கும். மறுநாள் இன்னும் அதிகத் தூசு. இன்னும் அழுத்தித் துடைப்பு. ஒவ்வொரு துடைப்பும் குவார்ட்ஸ் முனைகளால் உழும் ஒரு உழவு. அந்தக் கடைக்காரர் ஏழு வருடம் அக்கறையோடு தினமும் துடைத்தாரே, அந்தத் துடைப்புதான் தகட்டை மங்கவைத்தது.

இரண்டாவது எதிரி வேதிப்பொருள். 2020-இல், கொரோனா காலத்தில், கல்லாப்பெட்டிகளின் முன்னே, மருந்துக் கடை வாசலில், மருத்துவமனைக் கவுண்டரில் எங்கு பார்த்தாலும் அக்ரிலிக் தடுப்புகள் முளைத்தன. கிருமிநாசினி என்று ஆல்கஹால் தெளித்துத் துடைத்தோம். சில மாதங்களில் பல தடுப்புகளின் ஓரங்களிலும் துளைகளைச் சுற்றியும் வெள்ளி இழைகள்போல் நுண்விரிசல்கள் தோன்றின. தகட்டை வெட்டும்போதும் வளைக்கும்போதும் துளையிடும்போதும் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். ஆல்கஹாலோ தின்னரோ அங்கே பட்டால் மூலக்கூறு சங்கிலிகளின் பிடி தளர்ந்து, அந்த இறுக்கம் விரிசலாக வெடித்து வெளியேறும். இது மேல்தோல் கீறல் அல்ல. உள்ளே இறங்கிய காயம். இங்கே தண்ணீர்ச் சொட்டு வைத்தாலும் ஜன்னல் திறக்காது.

ஆகவே அந்தச் சொட்டு ஒரு மருத்துவரைப் போல நோயைப் பிரித்துக் காட்டுகிறது. நனைத்தால் தெளியும் மங்கல் தேய்த்தால் தீரும். நனைத்தும் தெளியாத மங்கல் ஆழத்தில் இருக்கிறது.

நியூட்டனும் கிளேசிங் உருளையும்

மெருகு ‘ஏற்றுவது’ என்கிறோம். மேலே எதையோ பூசுவதுபோல ஒரு சொல். உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் பெரிய மூளைகள் முட்டிக்கொண்டன. தொலைநோக்கி ஆடிகளைத் தன் கையாலேயே தேய்த்த நியூட்டன், 1704-இல் வந்த தன் ‘ஆப்டிக்ஸ்’ நூலில் ஒரு கருத்தைச் சொன்னார். மெருகேற்றுவதும் கீறுவதுதான், பெரிய கீறல்களை எடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களை வைக்கிறோம் என்பது அதன் சாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி என்ற வேதியியலாளர் வேறு மாதிரி சொன்னார். தேய்க்கும்போது மேற்பரப்பு குழம்புபோல் ஓடி மேடுபள்ளத்தை மூடுகிறது என்றார். 1930-களில் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு அழகான சோதனை செய்தார்கள். கற்பூரம் எவ்வளவு மிருதுவானது! ஆனாலும் தன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தைக் கற்பூரம் மெருகேற்றியது. அங்கே வேலை செய்தது கடினம் அல்ல, உரசலில் பிறந்த சூடு.

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களுக்கு இந்த இரண்டு வழியும் பழக்கம். ஆட்டுத்தோலில் ‘கிளேஸ்’ ஏற்றும் இயந்திரத்தைப் பாருங்கள். ஒரு கை முன்னும் பின்னும் வேகமாக வீசும். அதன் முனையில் கண்ணாடியாலோ அகேட் கல்லாலோ ஆன ஒரு சிறு உருளை. தோலின்மேல் அழுத்தி இழுக்கும்போது உரசலும் சூடும் சேர்ந்து, மேலே பூசிய படலத்தை நசுக்கி ஓடவிட்டுச் சமன்படுத்தும். ஒரு துளிகூடச் செதுக்கப்படுவதில்லை. இது பீல்பியின் வழி. பஃபிங் இயந்திரம் நேர்மாறு. உப்புத்தாள் சுற்றிய உருளையில் தோலின் உட்புறத்தைக் கொடுத்தால் அது அரைபட்டுச் சொரசொரப்பாகும். ஸ்வேட் தோல் அப்படித்தான் பிறக்கிறது. வெல்வெட்போல் மங்கலாகத் தெரிவதற்கென்றே மேற்பரப்பை உடைக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே தோல். ஒரு கூடத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொடுக்கிறார்கள், அடுத்த கூடத்தில் சிதறடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அக்ரிலிக்குக்கு இரண்டு வழியும் வேண்டும். முதலில் நியூட்டன் சொன்னதுபோல் கீறலைக் கீறலால் எடுப்பது. கடைசியில் துணிச் சக்கரத்தின் மெல்லிய சூட்டில் மேற்பரப்பை இளக்கிச் சமன்செய்வது.

கீறலைக் கீறலால் எடுப்பது

பெயின்டர்கள் வைத்திருக்கும், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரே இதற்குப் போதும். அதன் பின்புறம் அச்சிட்ட எண் பெரிதாகப் பெரிதாக அதிலுள்ள அரைக்கும் மணி சிறிதாகும். 400 எண் தாளில் உள்ள மணியின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. 1000 எண்ணில் 18 மைக்ரான். 2000 எண்ணில் 10. கடைசியில் பூசும் பாலிஷில் உள்ள துகள் ஒரு மைக்ரானுக்கு அருகிலோ அதற்குக் கீழோ. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். இந்தப் படிக்கட்டில் இறங்கி இறங்கி, ஒளியின் காலில் தட்டுப்படாத அளவுக்குக் கீறலைச் சிறுத்துவிடுவதே முழு வேலையும்.

தொடங்குமுன் தகட்டை நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் தங்கினாலும் எல்லா உழைப்பையும் அது கெடுத்துவிடும். அடுத்து, நகத்தால் கீறலைக் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் உப்புத்தாளே வேண்டாம். பாலிஷ் மட்டும் போதும். பற்பசைகூட லேசான மங்கலை எடுக்கும், அதிலும் நுண்மணிகள் இருக்கின்றன. நகம் தட்டினால்தான் 600 அல்லது 800-இல் தொடங்க வேண்டும். மிக ஆழமாக இருந்தால் 400.

தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். தண்ணீர் அரைத்தூளைக் கழுவிக்கொண்டு போகும், சூட்டைத் தணிக்கும், தூசு மூக்கில் ஏறாமலும் காக்கும். முதல் தாளை இடவலமாகத் தேய்த்தால், அடுத்த தாளை மேல்கீழாகத் தேய்க்க வேண்டும். பழைய கோடுகள் எல்லாம் மறைந்து புதிய திசைக்கோடுகள் மட்டும் மிஞ்சினால்தான் அந்தப் படி முடிந்தது. அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால், கடைசிப் பாலிஷின்போது அந்தப் பழைய கோடு சூரிய வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். ஒரு கீறல் இருக்கும் இடத்தை மட்டும் குழியாகத் தேய்ப்பதும் தவறு. அந்தக் குழி ஒரு லென்ஸாகிவிடும். அதன் வழியே பார்த்தால் பின்னால் இருக்கும் ஷூ நெளியும். சுற்றிலும் அகலமாகப் பரப்பித் தேய்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் பயந்துபோவார்கள். தொடக்கத்தைவிடத் தகடு மோசமாக, பால்போல் வெளுத்திருக்கும். அது நல்ல அறிகுறி. ஒழுங்கற்ற காயங்கள் போய், ஒரே அளவான கீறல்கள் வந்துவிட்டன என்று பொருள். 2000 எண் முடிந்ததும் கழுவித் துடைத்து, மென்மையான பருத்தித் துணியில் பாலிஷ் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்த்தால், வெண்மைக்குள்ளிருந்து தெளிவு எழுந்து வரும்.

துணிச் சக்கரம் பொருத்திய இயந்திரம் இருந்தால் வேகம் கூடும், ஆபத்தும் கூடும். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் அந்தச் சூடு சில நொடியில் வந்துவிடும். தளம் சுருங்கிச் சுருக்கம் விழும். சக்கரம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கை கனக்கக் கூடாது. பெயர்ப்பலகை செய்பவர்கள் வெட்டிய ஓரங்களில் நெருப்புச் சுடரை ஒரு கணம் ஓடவிட்டு மின்னவைப்பார்கள். அது முழுக்க உருக்கி ஓடவிடும் மெருகு. தோலின் கிளேசுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அந்த ஓரத்தில் இறுக்கம் தங்கிவிடும். அங்கே பிறகு ஸ்பிரிட் பட்டால் விரிசல்தான்.

பயணிகள் விமானத்தின் ஜன்னல்களும் அக்ரிலிக்தான். மேகத்தின் பனித்துகளும் தூசும் உரசி மங்கிய அந்த ஜன்னல்களைக் கழற்றி, இதேபோல் படிப்படியாகத் தேய்த்துத் தெளிவாக்கி மறுபடி மாட்டுகிறார்கள். ஆம்பூர்க் காட்சிப் பெட்டிக்கும் அதற்கும் முறை ஒன்றே.

தெளிந்த பிறகு காப்பது எளிது. உலர்ந்த துணியைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு துளி சோப்பு, பிறகு நனைந்த மெத்தென்ற துணி. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம் எதுவும் வேண்டாம்.

தேய்த்தால் தீராத மங்கல்

உள்ளே இறங்கிய மங்கலுக்கு என்ன செய்வது? தகடானால் மாற்றிவிடலாம். கண்ணானால்?

வயதாகும்போது நம் கண்ணின் லென்ஸுக்குள்ளேயே புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. அதுதான் கண்புரை. மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும்; மங்கல் உடம்புக்குள். எந்தத் துணியும் எந்தப் பாலிஷும் அதைத் தொடமுடியாது. இரண்டாம் உலகப் போரில், சுடப்பட்ட விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் கூரை உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கண் அந்தச் சில்லுகளை எதிர்க்கவில்லை. அமைதியாக உள்ளே வைத்துக்கொண்டது. அப்படியானால் அதே பொருளில் ஒரு லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால்? 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் அதைச் செய்தார். தொடக்கத்தில் மருத்துவ உலகின் எதிர்ப்பைச் சந்தித்த அந்த யோசனை, பிறகு கோடிக்கணக்கானவர்களுக்குப் பார்வையைத் திருப்பித் தந்தது. 1992-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் இந்த லென்ஸ்களை இங்கேயே செய்யத் தொடங்கியதும், ஏழைகளுக்கும் அவை எட்டின.

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902-இல் திறந்த மருத்துவமனையின் வளாகம் அது. தோல் ஊர்களிலிருந்து கண்புரையோடு அங்கே போய்ச் சேரும் முதியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். தோலை மென்மையாக்கத் தேடியவரின் கம்பெனியில் வளர்ந்த பொருளின் வம்சம், தோலைத் தொட்டுத் தொட்டே மூத்த ஒரு மனிதரின் கண்ணுக்குள் ஒரு ஜன்னலாக அமரமுடியும் என்பது என்னை இப்போதும் சிலிர்க்கவைக்கிறது.

தமிழில் ‘தேய்’ என்ற ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது. செருப்புத் தேய்ந்துபோனது என்கிறோம். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம் என்கிறோம். பாத்திரத்தை ‘விளக்குவது’ம், இருட்டில் ஏற்றும் ‘விளக்கு’ம், புரியாததை ‘விளக்கு’வதும் ஒரே ஒலியில் நிற்கின்றன. இயற்பியல் இதை மறுக்கவில்லை. தேய்வும் மெருகும் ஒரே செயல். மணியின் அளவும் கையின் நிதானமும்தான் அவற்றைப் பிரிக்கின்றன.

செருப்புக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பக்கெட் தண்ணீரோடும் நான்கு வாட்டர் பேப்பர்களோடும் உட்கார்ந்தோம். 2000 எண் முடிந்து பாலிஷ் பிடித்ததும் அவர் ஒன்று செய்தார். தகட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து உற்றுப் பார்த்தார். சொட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வித்தியாசமே தெரியவில்லை.